கட்டுப்பாட்டு அறைத் திட்டத்தில் மனிதக் காரணிகளைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பம்ப் நிலையம், ரயில் சிக்னல், துறைமுகக் கிரேன், ஆலைக் கட்டுப்பாட்டு அறை மாதிரியான திட்டங்களில் சிஸ்டம்ஸ் இன்ஜினியராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஹியூமன் ஃபேக்டர்ஸையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்திருந்தால், இங்கிருந்து தொடங்கலாம். ஹியூமன் ஃபேக்டர்ஸ், அதாவது மனிதக் காரணிகள் என்றால், பயன்படுத்துபவரின் உடலுக்கும் கண்ணுக்கும் யோசனைக்கும் பொருந்தும்படி அமைப்பை வடிவமைப்பது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் திரையின் நிறத்தையும் பட்டனின் அளவையும்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அது கீழே ஏழாவது படியில்தான் வருகிறது. இன்னும் சிலர் தனியாக ஓர் அறிக்கை எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தேவைப் பட்டியல், ஆபத்துப் பட்டியல், சோதனைத் திட்டம் ஆகிய மூன்றிலும் நம் வேலை வரி வரியாக ஏறினால்தான் கட்டப்படும் பொருள் மாறும். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

புரிவதற்கு வசதியாக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: பழைய பம்ப் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அமைப்பைப் புதுப்பிக்கும் கற்பனைத் திட்டம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டெண்டர் ஆவணம், நிலையம் எப்படி இயக்கப்படும் என்று விவரிக்கும் ஆவணம், பழைய அமைப்பின் அலாரம் பதிவுகள், கடந்த சில ஆண்டுகளின் பழுது மற்றும் விபத்துப் பதிவுகள், ரெவ்யூ தேதிகள் குறித்த திட்ட அட்டவணை. இவை கிடைப்பது கடினமல்ல, கேட்டால் கொடுப்பார்கள்.

கடினமானது ஆபரேட்டர்களின் நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இருப்பவரை இரண்டு மணி நேரம் வெளியே அழைத்தால், அவர் இடத்தில் யாராவது உட்கார வேண்டும். அதற்குச் செலவு உண்டு. எத்தனை பேர், எத்தனை தடவை, எந்த மாதத்தில் தேவை என்பதை ஒப்பந்த நிலையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அதை விட்டுவிட்டுப் பாதியில் கேட்டால், கூடுதல் வேலைக்கான வி.ஓ. (காசு கேட்கும் ஒப்பந்த மாற்ற ஆணை) என்று பேச்சு தொடங்கும். முதலில் வெட்டப்படுவது உங்கள் சோதனையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, முடிவெடுக்கும் அதிகாரம். வடிவமைப்பு ரெவ்யூவில் "இது சரியில்லை, திருத்துங்கள்" என்று கையெழுத்தை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டா, அல்லது கருத்துச் சொல்ல மட்டும்தானா? முதல் வாரத்திலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

2. யார் யார் கை படும் என்று பட்டியல் எடுங்கள்

ஆபரேட்டர் மட்டும் என்று எழுதி நிறுத்திவிடுவது வழக்கமான பிழை. ஷிஃப்ட் சூப்பர்வைசர், மின்சார டெக்னீஷியன், வால்வு பழுதுபார்க்க வெளியிலிருந்து வரும் கான்ட்ராக்டரின் ஆள், பயிற்சியில் இருப்பவர், துப்புரவுப் பணியாளர், அவசரத்தில் உள்ளே வரும் தீயணைப்பு வீரர் என எல்லோரும் அந்த அமைப்பைத் தொடுவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: வயது வரம்பு, படிக்கும் மொழி, அனுபவம், கையுறை போடுவாரா, நின்று பார்ப்பாரா, உட்கார்ந்து பார்ப்பாரா.

இங்கே மொழியைச் சும்மா கடந்து போக முடியாது. களத்தில் தமிழ், வங்காளம், மாண்டரின், மலாய் பேசுபவர்கள் ஒரே பேனலைத் திறப்பார்கள். ஆங்கில எச்சரிக்கைப் பலகையை நான்கு மொழிகளில் மொழிபெயர்ப்பது ஒரு வழி. படிக்காமலே தவறு செய்ய முடியாதபடி இணைப்பியின் வடிவத்தை மாற்றுவது அதைவிட நல்ல வழி.

வயதையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் ஓய்வு வயது 2022 ஜூலை முதல் 63. 2026 ஜூலை முதல் 64. அதற்குப் பிறகும் மறுவேலைவாய்ப்பில் பலர் தொடர்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளரும். எழுத்தின் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: பார்க்கும் தூரத்தை 200-ஆல் வகுங்கள். 70 செ.மீ. தூரத்து மேசைத் திரைக்கு 3.5 மி.மீ., நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் சுவர்த் திரைக்கு 20 மி.மீ. சுவர்த் திரைப் படங்களில் பாதி இந்தக் கணக்கிலேயே தோற்றுவிடும். லேப்டாப்பில் வரைந்து லேப்டாப்பிலேயே ஒப்புதல் வாங்குவதால் வரும் வினை இது.

உடல் அளவில் சராசரியை எடுக்காதீர்கள். எட்டித் தொட வேண்டிய இடத்துக்குக் குள்ளமானவரின் கை நீளம், நுழைய வேண்டிய இடத்துக்குப் பருமனானவரின் உடல் அகலம். வழக்கமாக 5-ஆம் சதமானப் பெண்ணிலிருந்து (நூறு பெண்களில் ஐந்து பேர்தான் அவரைவிடச் சிறியவர்கள்) 95-ஆம் சதமான ஆண் வரை (நூறு ஆண்களில் ஐந்து பேர்தான் அவரைவிடப் பெரியவர்கள்) எடுப்பார்கள். ஐரோப்பிய அளவுப் பட்டியலை அப்படியே போட்டால் இங்கே வால்வுக் கைப்பிடி எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

3. வேலையைப் போய்ப் பாருங்கள்

செயல்முறைக் கையேட்டில் இருப்பது ஒன்று, நடப்பது வேறு. கையேட்டை மட்டும் படித்துவிட்டுப் பணிப் பகுப்பாய்வு எழுதினால், நடக்காத வேலைக்காக வடிவமைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பகலில் ஒரு ஷிஃப்ட், இரவில் ஒரு ஷிஃப்ட், கூடவே ஷிஃப்ட் மாறும் நேரம். இந்த மூன்றையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தகவல் அதிகம் தொலைவது ஷிஃப்ட் மாறும்போதுதான். "மூணாம் பம்பு கொஞ்சம் சத்தம் போடுது, பாத்துக்கோ" என்று வாய்வழியாகப் போகும் செய்திக்குப் புதிய அமைப்பில் இடம் இருக்கிறதா?

ஒவ்வொரு பணிக்கும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எது அந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது, என்ன தகவல் தேவை, என்ன முடிவு எடுக்கிறார், என்ன செய்கிறார், செய்தது நடந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறது, தவறினால் என்ன ஆகும். பெரிய வேலையைச் சிறு வேலைகளாக உடைத்து மரக்கிளை மாதிரி வரைந்தால் போதும். தவறினால் ஒன்றும் ஆகாத கிளைகளை மேலும் உடைக்க வேண்டாம். எல்லாவற்றையும் கடைசி விரலசைவு வரை உடைப்பவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் களைத்துப்போகிறார்கள். முக்கியமான கிளை நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும்.

பேனலில் ஒட்டியிருக்கும் டேப், மார்க்கரில் எழுதிய எண், துணி வைத்து அமுக்கிய பஸ்ஸர் ஆகியவற்றைப் படம் எடுங்கள், அனுமதியோடு. பழைய வடிவமைப்பு எங்கே தோற்றது என்று ஆபரேட்டர்கள் ஏற்கெனவே எழுதி வைத்த குறிப்புகள் அவை. "ஒழுங்கீனம்" என்று சூப்பர்வைசர் வெட்கப்பட்டுக் கிழிக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

வெளியே நடக்கும் வேலைக்கு நேரக் கணக்கு போடும்போது வெயிலையும் சேருங்கள். கடினமான உடலுழைப்புக்கு, வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடம், 33-ஐத் தொட்டால் 15 நிமிடம் ஓய்வு என்பது 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த நடைமுறை. தொடர்ந்து ஐம்பது நிமிடம் என்று எழுதிய பராமரிப்பு வேலை உச்சி வெயிலில் ஐம்பது நிமிடத்தில் முடியாது.

4. எது மனிதனுக்கு, எது இயந்திரத்துக்கு

இங்கே நடக்கும் தவறு வெளியே தெரியாது. தானியங்கியாக்க முடிந்ததை எல்லாம் ஆக்கிவிட்டு, முடியாமல் மிஞ்சியதை மனிதன் தலையில் கட்டுவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் அரிதான, அவசரமான, குழப்பமான நிலைமை. மற்ற நேரம் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், கைப்பழக்கம் விட்டுப்போன அந்த வேலையை நிமிடத்தில் செய்ய வேண்டியிருக்கும். ஆய்வாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இதை எழுதினார். இன்றும் அப்படியே நடக்கிறது.

ஆகவே அட்டவணையில் "மனிதன்", "இயந்திரம்" என்ற இரண்டு நெடுவரிசை போதாது. மூன்றாவதாக ஒன்று சேருங்கள்: இயந்திரம் கைவிட்டால் யார் ஏற்பார், எத்தனை விநாடியில், அப்போது அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாடு மூன்று மணி நேரமாக ஒழுகும் வால்வைச் சமாளித்துக்கொண்டே வந்து, முடியாத கட்டத்தில் ஆபரேட்டரிடம் ஒப்படைத்தால், அவர் பூஜ்யத்திலிருந்து யோசிக்க வேண்டும். சமாளிக்கத் தொடங்கிய நேரத்திலேயே அது சொல்லியிருக்க வேண்டும். இந்த நெடுவரிசையை நிரப்பும்போதுதான் கன்ட்ரோல் இன்ஜினியரோடு உண்மையான வாக்குவாதம் வரும். நல்லது, இப்போதே வரட்டும்.

5. கண்டதைத் தேவையாக எழுதுங்கள்

மொத்த வேலையிலும் அதிக நேரம் தகும் படி இது. "திரை பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்" என்று எழுதினால், தயாரிப்பாளர் "எளிதாகத்தான் இருக்கிறது" என்பார், நீங்கள் "இல்லை" என்பீர்கள், அத்தோடு சரி. சோதித்துப் பார்க்க முடியாத வரி ஒப்பந்தத்தில் செல்லாக்காசு.

அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "பயிற்சி முடித்த ஆபரேட்டர், இரவு வெளிச்சத்தில், ஒரு பம்ப் நின்றுபோன அலாரம் வந்ததிலிருந்து 60 விநாடிக்குள் மாற்றுப் பம்பை இயக்கத் தொடங்க வேண்டும், சோதனையில் பங்கேற்கும் அனைவரும் வேறு பம்பைத் தொடாமல் இதை முடிக்க வேண்டும்." யார், எந்தச் சூழல், என்ன வேலை, எவ்வளவு நேரம், எந்தப் பிழை கூடாது என்று எல்லாம் இருக்கிறது. அந்த 60 விநாடி வானத்திலிருந்து வரக் கூடாது. தொட்டி நிரம்பி வழிய எவ்வளவு நேரம் என்று செயல்முறைப் பொறியாளரிடம் வாங்கி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அலாரத்துக்குக் கைவசம் ஓர் அளவுகோல் உண்டு. ஈஈஎம்யூஏ 191 என்ற அலாரம் அமைப்புகளுக்கான வழிகாட்டியின்படி, சாதாரண இயக்கத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரத்துக்கும் குறைவாக வந்தால் ஏற்கத்தக்கது; பெரிய கோளாறுக்குப் பின் முதல் பத்து நிமிடத்தில் பத்துக்கும் குறைவாக இருந்தால் சமாளிக்கலாம். பழைய அலாரம் பதிவை எடுத்து எண்ணிப் பாருங்கள். இந்த இரண்டு எண்ணையும் தேவையாக எழுதிவிட்டால், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒவ்வொரு துறையும் ஆளுக்கு இருபது அலாரம் சேர்ப்பது நின்றுவிடும். ஆபரேட்டர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால்தான் அது அலாரம், மற்றதெல்லாம் செய்தி.

கட்டளையையும் நிலையையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதைத் தனித் தேவையாகவே எழுதுங்கள். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில், அழுத்தம் தணிக்கும் வால்வுக்கு மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டுமே விளக்கு காட்டியது. வால்வு திறந்தே மாட்டிக்கொண்டிருந்தது. மூடிவிட்டது என்று நம்பியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் திரையில் "மூடப்பட்டது" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள்: இதை வால்வின் உண்மை நிலையை உணரும் லிமிட் ஸ்விட்ச் சொல்கிறதா, அல்லது நாம் அனுப்பிய கட்டளையைத்தான் நமக்கே திருப்பிக் காட்டுகிறோமா?

எழுதியதை உங்கள் சொந்த எக்செல்லில் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்ற தேவைகள் இருக்கும் அதே தரவுத்தளத்தில், அதே எண் முறையில், பொறுப்பாளர் பெயரோடு, சரிபார்க்கும் முறையோடு போடுங்கள். திட்டம் ஐஎஸ்ஓ 15288 வாழ்க்கைச் சுழற்சி முறையில் நடந்தால் அதற்குரிய இடங்கள் ஏற்கெனவே இருக்கும். ஐஎஸ்ஓ 9241-210 சொல்லும் மனித மைய வடிவமைப்புப் படிகளையும் அந்த இடங்களிலேயே பொருத்திவிடலாம். தனியாக ஒரு சுழற்சி ஓட்டத் தேவையில்லை.

6. ஆபத்துப் பட்டியலில் "ஆபரேட்டர் பிழை" என்று விட்டுவிடாதீர்கள்

ஆபத்துகளை வரி வரியாக அலசும் ஹசோப் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வரி இது: காரணம், ஆபரேட்டர் பிழை, தீர்வு, பயிற்சி. அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அங்கே கையைத் தூக்குவதற்காகத்தான் நீங்கள் அந்த அறையில் இருக்கிறீர்கள்.

எந்த வகைப் பிழை என்று பிரித்துக் கேளுங்கள். கை தவறுதல், மறதி, தவறான புரிதல், தெரிந்தே மீறுதல் என்று உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் வகுத்த பிரிவு இதற்குப் போதும். கை தவறியவருக்குப் பயிற்சி உதவாது. பட்டனைத் தள்ளி வைக்க வேண்டும். மறப்பவருக்கு நினைவூட்டல், அல்லது அந்தப் படியே தேவைப்படாத வரிசை. தவறாகப் புரிந்துகொண்டவருக்குத் தகவலும் பயிற்சியும். தெரிந்தே மீறுபவருக்கு முதலில் அந்த விதியையே பாருங்கள். விதிப்படி செய்தால் வேலை முடியுமா என்று.

பெரிய விபத்துகளிலும் இதே பாடம்தான். 2000 அக்டோபர் 31 அன்று தைப்பேயில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006, கட்டுமான வேலைக்காக மூடியிருந்த ஓடுபாதையில் புறப்பட முயன்றதில் 83 பேர் இறந்தார்கள். விமானிகள் சரிபார்க்கவில்லை என்பது ஒரு பக்கம். புயல் மழை, அந்த ஓடுபாதையின் குறியீடுகள், விளக்குகள், தடுப்பு இல்லாமை எல்லாம் இன்னொரு பக்கம். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் தைவானும் சிங்கப்பூரும் உடன்படவில்லை. வடிவமைப்பவருக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை. இரண்டு பக்கமும் ஆபத்துப் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுமானம் சேர்ந்த திட்டமாகவும் ஒப்பந்தம் ஒரு கோடி வெள்ளி அல்லது அதற்கு மேலாகவும் இருந்தால், டிசைன் ஃபார் சேஃப்டி விதிகளின்படி ரெவ்யூக் கூட்டங்கள் எப்படியும் நடக்கும். பராமரிப்பு செய்பவர் எங்கே நிற்பார், எப்படி ஏறுவார் என்பதை அங்கேயே மேசையில் வையுங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு ஏணிக்கு இடம் கேட்டால் கிடைக்காது.

7. மாதிரி: முதலில் காகிதம், அப்புறம் பிளைவுட், கடைசியில் திரை

இப்போது நிறத்தையும் பட்டனையும் பேசலாம்.

காகிதத்தில் வரைந்த திரையை ஆபரேட்டர் தயங்காமல் திட்டுவார். மெருகேறிய திரையைக் காட்டினால் மரியாதைக்காகத் தலையாட்டுவார். காகிதத்தில் தொடங்கச் சொல்வது இதனால்தான். மேசை, நாற்காலி, சுவர்த் திரை இருக்கும் இடங்களுக்குப் பிளைவுட்டும் டேப்பும் போதும். உட்கார்ந்து பார்த்தால் முன்வரிசைத் திரை பின்சுவரை மறைப்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூட்டத்தில் படத்தைக் காட்டி "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "கேன், கேன்" என்பார்கள். ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள்: "இரவு மூன்று மணி, கனமழை, இரண்டாம் பம்ப் நின்றுவிட்டது. இப்போது?" பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். உதவி செய்யத் துடிக்கும் வடிவமைப்பாளரை அறைக்கு வெளியே உட்கார வையுங்கள். சூப்பர்வைசரையும்.

ஆங்கிலத்தில் கேட்டால் மூன்று சொல்லில் பதில் சொல்லும் டெக்னீஷியன், "அண்ணே, இங்க நீங்க வழக்கமா என்ன பண்ணுவீங்க?" என்று தமிழில் கேட்டால் கால் மணி நேரம் பேசுவார். உங்களுக்குத் தெரியாத மொழி என்றால் அதைத் தெரிந்த சக ஊழியரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவுக்கு ஐந்தாறு பேர் என்று பார்த்து, திருத்தி, மறுபடி பார்ப்பது, ஒரே தடவை இருபது பேரைக் கூப்பிடுவதைவிட மேல்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் ஆண்களிடையே ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கக்கூடும். நிறம் சொல்வதை வடிவமோ எழுத்தோ சேர்ந்து சொல்ல வேண்டும். அலாரத்துக்கு வைத்த நிறத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஓடும் பம்ப் எல்லாம் பளிச்சென்ற பச்சையில் இருந்தால், கண் எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரியாது.

8. ஏற்புச் சோதனை

தயாரிப்பாளரின் இடத்தில் நடக்கும் எஃப்ஏடி, நிலையத்தில் நடக்கும் எஸ்ஏடி, இரண்டிலும் உங்கள் சோதனைக்கு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். அட்டவணையில் பெயர் இல்லாத சோதனை கடைசி நாள் மாலை நான்கு மணிக்குத் தள்ளப்படும்.

தேர்ச்சி அளவுகோலை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலைப் பேசினால் எதுவும் தேர்ச்சி பெறும். பங்கேற்பவர்கள் வடிவமைப்பில் உதவிய அதே ஆட்களாக இருக்கக் கூடாது. அவர்களுக்கு உங்கள் மனம் பழகிவிட்டது. பயிற்சிக்கும் சோதனைக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள். காலையில் படித்ததை மதியம் ஒப்பிப்பதைச் சோதிக்கவா இவ்வளவு செலவு?

எஃப்ஏடி அறையில் ஏசி இருக்கும், சத்தம் இருக்காது. எஸ்ஏடியில் பம்ப் ஓடும்போது, கையுறையோடு, வியர்த்த விரலோடு தொடுதிரையைத் தொடச் சொல்லுங்கள். பம்ப் ஹாலில் சத்தம் எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபெல் வரம்பைத் தாண்டினால் காதடைப்பான் வேண்டும். காதடைப்பான் போட்டவருக்கு உங்கள் பஸ்ஸர் கேட்கிறதா? அதையும் அங்கேயே பாருங்கள்.

வேலைப்பளுவுக்கு நாசா டிஎல்எக்ஸ் படிவம் போதும்; ஆறு கேள்வி. பயன்படுத்த எளிதா என்பதற்கு எஸ்யூஎஸ் படிவம், பத்துக் கேள்வி, 0 முதல் 100 வரை மதிப்பெண். அது சதவீதம் கிடையாது. 68 வந்தால் 68 சதவீதம் நன்றாக இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதாதீர்கள். மதிப்பெண்ணைவிட, எந்த இடத்தில் தயங்கினார்கள் என்ற குறிப்புதான் திருத்த உதவும். கண்ட குறைகளைத் தனி அறிக்கையாக வைக்காமல், மென்பொருள் பிழைகள் இருக்கும் அதே பட்டியலில் தீவிரத்தோடு ஏற்றுங்கள். அப்போதுதான் மூடாமல் ஒப்படைக்க முடியாது.

9. ஒப்படைத்த பிறகு

முதல் மூன்று மாத அலாரம் பதிவை வாங்கி, ஐந்தாம் படியில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். அதிகம் அடிக்கும் பத்து அலாரங்களைச் சரிசெய்தாலே மொத்த எண்ணிக்கை கணிசமாகக் குறையும்; பெரும்பாலும் அளவை அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டரோ, வழக்கமான அளவுக்கு மிக நெருக்கமாக வைத்த ஒரு செட் பாயின்ட்டோதான் (அலாரம் அடிக்கத் தொடங்கும் வரம்பு) காரணமாக இருக்கும்.

ஒரு இரவு ஷிஃப்டில் மறுபடி போய் உட்காருங்கள். புதுத் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தால், அதில் எழுதியிருப்பதை அப்படியே அடுத்த மாற்றக் கோரிக்கையின் முதல் வரியாகப் போடுங்கள். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதைச் சமர்ப்பித்துவிட வேண்டும். தாண்டினால் அதுவும் வி.ஓ.தான்.